பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் பொத்தானைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது "எந்த நிறுவனத்தின் கிட்டார் பெல்ட் நல்லது?" என்று. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் கேட்க வந்தது வேறு என்று தெரிகிறது. ஆலயப் பாடகர் குழுவில் பிக்கப் (ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்ப உதவும் கருவி) பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறீர்கள். பாடலின் நடுவே, பெல்ட்டை மாட்டும் பின்பக்கப் பொத்தானிலிருந்து அது கழன்று கிட்டார் தரையில் விழுந்திருக்கிறது. அண்ணன் கொடுத்த எஸ்ஜி (கிப்சன் நிறுவனத்தின் ஒரு மாடல்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதன் கழுத்து கையை எடுத்தால் கீழே சாய்கிறது, இடது தோளும் வலிக்கிறது. அக்கூஸ்டிக்கின் தலைப்பகுதியில் கயிறு கட்டி மாட்டினால் கழுத்து வளைந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியும் இருக்கிறார். ஆக, கிட்டார் இனி விழாமல் இருக்க என்ன செய்வது, உடம்பு நோகாமல் அதை எப்படிச் சுமப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. நிறுவனத்தின் பெயர் இதில் கடைசியாக வர வேண்டிய விஷயம்.

கம்பி வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பெல்ட் கழன்று விழுந்ததாகச் சொல்லி என் மேசைக்கு வரும் கிட்டார்களில் பெல்ட்டே அறுந்திருப்பது மிக அபூர்வம். ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் பட்டை, கிட்டாரின் எடையைப்போலப் பல மடங்கைத் தாங்கும். கோளாறு முனையில்தான் இருக்கும். பெல்ட்டின் துளை பொத்தானை விட்டு நழுவியிருக்கும், அல்லது பொத்தானே திருகோடு மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். விலை உயர்ந்த தோல் பெல்ட்டை வாங்கி, ஆடிக்கொண்டிருக்கும் பொத்தானில் மாட்டினால் தரையில் விழும்போது கிட்டாரோடு சேர்ந்து ஒரு நல்ல பெல்ட்டும் விழும், அவ்வளவுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் விழுந்த கிட்டாரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சுருதி நிற்கிறது என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணியிருக்கலாம். நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் சிறு பட்டிக்கு) பின்னால், கழுத்து தலைப்பகுதியாக மாறும் இடத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தால், அது மேல்பூச்சில் மட்டுமா மரத்திலுமா என்று கண்டுகொள்ள வேண்டும். தலைப்பகுதியை இரண்டு விரலால் மிக மெதுவாக முன்னும் பின்னும் அழுத்தும்போது கோடு திறந்து மூடினால் மரம் விரிந்திருக்கிறது. உடனே கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். புதிய விரிசலில் பசை நன்றாக ஏறும். மாதக்கணக்கில் அழுக்கும் வியர்வையும் ஏறியதில் ஏறாது. அடுத்து கைப்பேசியை வீடியோவில் வைத்து, ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு, வால் பக்கத்துக் கட்டையைப் படம் எடுங்கள். பின்பக்கம் இடித்து விழுந்த கிட்டார்களில் ஜாக் (கேபிளைச் சொருகும் பாகம்) உள்நோக்கி நெட்டி, அந்தக் கட்டையும் பக்கப் பலகையும் பிளந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். உறைப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது பை தரையில் தொப்பென்று இறங்கினாலும் இதே சேதம்தான்.

இப்போது அக்கூஸ்டிக்கின் பின்பக்கம். பிக்கப் பொருத்திய கிட்டார்களில் பெரும்பாலும் அந்தப் பொத்தானே ஜாக்காகவும் இருக்கும். கேபிளை அதற்குள்தான் சொருகுவீர்கள். இதற்காக வால்கட்டையில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் துளை போடுகிறார்கள். வெளியே தெரியும் மூடி சாதாரணப் பொத்தானைவிடத் தடிமன். ஆனால் அதன் விளிம்பு உதடு அவ்வளவு உயரமில்லை. பெல்ட்டின் துளையோ சாதாரணப் பொத்தானுக்காக வெட்டப்பட்டது. புதிதாக இருக்கும்போது அதைத் தடித்த மூடிமேல் ஏற்றப் பெரும்பாடு படுவோம். பொறுமையில்லாதவர்கள் கத்தியால் துளையைப் பெரிதாக்கிக்கொள்வார்கள், விழுவதற்கான விதை அன்றே போடப்பட்டுவிடும். கத்தி வைக்காதீர்கள். தோல் முனையைச் சற்று ஈரமாக்கி, விரலால் நெகிழ்த்தி, ஓரமாகத் திருகித் திருகி ஏற்றினால் நாளடைவில் அந்த ஜாக்கின் அளவுக்கே தோல் பதிந்துகொள்ளும். கழற்றி மாட்டாமல் அப்படியே விட்டுவிடுவது இன்னும் நல்லது. முன்பக்கத்தை மட்டும் கழற்றினால் போதும்.

அந்த ஜாக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூடிக்குக் கீழே ஒரு நட் இருக்கும். அது தளர்ந்தால் ஜாக் முழுவதும் சுழல ஆரம்பிக்கும், உள்ளே பற்றவைத்த கம்பி முறுக்கி அறுந்துபோகும். ஒலி விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லி வரும் அக்கூஸ்டிக்குகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். சரி செய்வது எளிது. மூடியைக் கழற்றினால் மறையுள்ள குழாயின் குறுக்கே ஒரு சிறு துளை தெரியும். அதில் மெல்லிய ஆணியையோ ஆலன் கீயையோ விட்டுக் குழாய் சுழலாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள். அந்த ஆணியை விடாமல் வெறும் நட்டைத் திருகினால் எதைத் தடுக்க நினைத்தீர்களோ அதை நீங்களே செய்துவிடுவீர்கள்.

பெல்ட்டின் துளைக்கு வருகிறேன். கடையில் பெல்ட்டைக் கையில் எடுத்ததும் முனையை வளைத்துப் பாருங்கள். முழுத் தோலா, அட்டைமேல் தோல்போல் ஒட்டிய ரெக்சினா என்று வெட்டிய துளையின் ஓரத்திலேயே தெரிந்துவிடும். அட்டை இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நம் ஊர் வியர்வையில் அது ஓராண்டு தாங்கினாலே அதிகம். துளையிலிருந்து ஒரு சிறு பிளவு ஓடும். அந்தப் பிளவு பெல்ட்டின் நடுப்பகுதியை நோக்கி இருக்க வேண்டும். கிட்டாரின் எடை, பொத்தானைப் பெல்ட்டின் நுனியை நோக்கி இழுக்கிறது. நுனிப் பக்கம் துளை வட்டமாக, பிளவில்லாமல் இருந்தால் எடை அந்த வட்டத்தில் உட்காரும். பிளவு நுனியை நோக்கி இருந்தால் எடையே பிளவைத் திறந்து பொத்தானுக்கு வழிவிடும். மலிவான பெல்ட்டுகளில் இப்படித் தலைகீழாக வெட்டியதைப் பார்க்க முடிகிறது. தோல் முனையைப் பட்டையோடு சேர்த்த தையலையும் பாருங்கள். நான்கு பக்கமும் கட்டமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறிபோல் ஓட்டியிருந்தால் நல்லது. ஒற்றை வரித் தையல் ஒரு நூல் விட்டால் முழுவதும் விட்டுவிடும்.

ஏற்கெனவே உங்களிடம் உள்ள பெல்ட்டின் துளை தளர்ந்துபோயிருந்தால், செலவே இல்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. பொத்தானில் பெல்ட்டை மாட்டிய பிறகு, அதன்மேல் ஒரு தடித்த ரப்பர் வாஷரை இழுத்து மாட்டுவது. நெதர்லாந்தின் குரோல்ஷ் பியர் பாட்டிலில், கம்பி வைத்த மூடிக்கு அடியில் வரும் சிவப்பு ரப்பர் வளையத்தை மேலைநாட்டு கிட்டார்காரர்கள் பல காலமாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆலயத்தில் வாசிப்பவர் பியர் பாட்டிலைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஃபெண்டர் போன்ற நிறுவனங்கள் இதே வேலைக்கென்று ரப்பர் வளையங்களை விற்கின்றன, ஹார்டுவேர் கடையில் குழாய்க்கு வாங்கும் தடித்த வாஷரும் ஆகும். துளை பொத்தானின் தண்டைவிடச் சிறியதாக, இழுத்து மாட்டினால் கவ்விப் பிடிப்பதாக இருக்க வேண்டும். சாதாரணப் பொத்தான் உள்ள கிட்டாரில் இது நம்பகமானது. தடித்த ஜாக் மூடியில் பல வாஷர்கள் ஏறவே ஏறாது. அதற்கென்றே ஜாக்கைச் சுற்றிக் கவ்வும் பூட்டுகள் வருகின்றன. டடாரியோ நிறுவனத்தின் சின்ச்ஃபிட் அந்த வகை. எல்லா ஜாக்கின் மூடிக்கும் அது பொருந்தாது, ஆகவே கிட்டாரைக் கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ரப்பரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அண்ணன் கொடுத்த கிட்டார் கிப்சன் நிறுவனத்தின் அசல் எஸ்ஜியாக இருந்தால், அதன் மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ரப்பரும் வினைலும் அந்தப் பூச்சோடு நாள்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் பூச்சை இளக்கி, நிறத்தை மாற்றி, அச்சு பதித்துவிடும். வினைலில் கலந்திருக்கும் இளக்கிப் பொருள் லாக்கருக்குள் கசிவதே காரணம். எனவே அந்த கிட்டாரைப் பெல்ட்டோடு உறைப்பெட்டியில் மூடி வைக்காதீர்கள், ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். குறைந்த விலையில் வரும் எஸ்ஜி வடிவ கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சுதான் இருக்கும். அவற்றுக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை.

எலெக்ட்ரிக்குக்கு லாக் (பெல்ட்டைப் பொத்தானோடு பிணைக்கும் பூட்டு) போடலாமா என்றால், தாராளமாகப் போடுங்கள் என்பேன். கிப்சன் வகைகளில் தலைப்பகுதி ஏறத்தாழ 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், மஹோகனி மரம், போதாததற்கு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்குவதற்காக அந்த மெலிந்த இடத்திலேயே குடைந்து குழியும் வைத்திருப்பார்கள். தவறி மல்லாந்து விழுந்தால் உடைவது அந்த இடம்தான். ஃபெண்டர் வகையின் சாயாத மேப்பிள் தலைப்பகுதி இதைவிட நன்றாகத் தாங்கும். உடைந்த தலையை ஒட்டுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் லாக்கின் விலை ஒன்றுமே இல்லை.

பரவலாகக் கிடைப்பவை இரண்டு. ஜெர்மனியின் ஷாலர் தயாரிப்பில், பெல்ட்டில் பொருத்தும் பாகம் குதிரை லாடம்போல் இருக்கும். அது பொத்தானின்மேல் சரிந்து உட்கார, ஸ்பிரிங் வைத்த ஊசி பூட்டிக்கொள்ளும். டன்லப்பின் ஸ்ட்ராப்லாக்கில், நடுவில் உள்ள குமிழை அழுத்திச் சொருகினால் சின்னஞ்சிறு உருண்டைகள் பொத்தானின் உட்குழியில் கவ்வும். இரண்டும் நல்லவையே. இரண்டின் பலவீனமும் பூட்டில் இல்லை, அது பெல்ட்டோடு சேரும் இடத்தில் இருக்கிறது. ஷாலரின் பழைய வடிவத்தில் அங்கே இருந்த நட் தானாகத் தளரும். வாசிப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது வரும் எஸ்-லாக்கில் நட்டுக்குப் பதிலாக ஒரு சிறு சக்கரமும் அதைப் பூட்டும் குட்டித் திருகும் வைத்திருக்கிறார்கள், பெரிய முன்னேற்றம். டன்லப்பில் அந்த வேலையைச் செய்வது ஒரு மெல்லிய உலோக வளையம். அது தன் பள்ளத்தில் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று இடுக்கியால் அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிகத் தடித்த தோலில் அது பள்ளம் வரை எட்டாமல் பாதியில் நிற்கும், ஒருநாள் தெறித்துவிடும். இரண்டில் ஒன்றை எனக்குச் சொல்லச் சொன்னால் எஸ்-லாக்கைச் சொல்வேன். ஊசி தேய்ந்து கைவிட்டாலும் லாடத்தின் வளைவு பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் காரணம். ஆனால் அதற்கு லாடத்தின் திறந்த வாய் பெல்ட்டின் நடுப்பகுதியை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் மொத்த எடையும் ஊசியின்மேல் விழும். மேலே துளையின் பிளவுக்குச் சொன்ன அதே கணக்கு. ஷாலர் பாகம் டன்லப் பொத்தானில் ஏறாது. எனவே இரண்டு கிட்டாருக்கும் ஒரே பெல்ட் என்றால் ஒரே வகைப் பொத்தானாக வாங்குங்கள். பெயரில்லாத நகல்கள் ஷாலரைப் போலவே தோற்றமளிக்கும். அவற்றில் ஸ்பிரிங்கும் ஊசியும் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. ஊசியை இழுத்து விட்டுப் பாருங்கள், சட்டென்று முழுவதும் திரும்பவில்லை என்றால் வேண்டாம்.

பலர் சறுக்குவது திருகில். லாக்கோடு வரும் திருகு, கிட்டாரில் ஏற்கெனவே இருந்த திருகைவிட மெல்லியதாக இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெல்லியதைப் பழைய துளையில் போட்டால் முதலில் இறுகுவதுபோலத் தெரியும், சில வாரங்களில் ஆடும். பழைய திருகின் தலை புதிய பொத்தானின் குழிக்குள் முழுவதும் அமிழ்ந்தால் அதையே பயன்படுத்தலாம். தலை சற்றே துருத்தினாலும் லாக் முழுவதும் உட்காராது, ஆகவே அப்படி விடக்கூடாது. துளை தளர்ந்திருந்தால் வட்டமான பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளை நிறையச் செருகி, ஒருநாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, மறுபடி துளையிடுங்கள். மூன்றரை மில்லிமீட்டர் திருகுக்கு மஹோகனி போன்ற மரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் துளை, மேப்பிள் போன்ற கடினமான மரத்தில் 2.8 வரை. திருகின் மறையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுக் கையாலேயே முறுக்குங்கள். மின்சார முறுக்கியை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். கடைசி அரைச்சுற்றில் அது மறையை நொறுக்கிவிடும். பல்குச்சி வைத்தியமும் தோற்றுப்போன துளைக்கு, பெரிதாகத் துளைத்துக் கடினமரக் கட்டையை ஒட்டி அடைப்பதுதான் நிரந்தர வழி. வால்பக்கத் துளையில் அது அடிக்கடி தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. உடல் மரத்தின் ரேகை கழுத்தின் திசையில் ஓடுகிறது, எனவே வாலில் போடும் திருகு ரேகையின் முனைக்குள் போகிறது. ரேகைக்குக் குறுக்கே போகும் திருகின் பிடி அங்கே கிடைக்காது. பொத்தானுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் வாஷர் வைக்க மறக்காதீர்கள், பூச்சு வெடிக்காது.

கழுத்து சாய்வதற்கு வருவோம். இது உங்கள் கிட்டாரின் பழுது அல்ல, அந்த வடிவத்தின் குணம். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மேல்கொம்பு ஏறத்தாழ கழுத்தின் 12-ஆவது கட்டைக்கு (ஃபிரெட்டுக்கு) நேராக நீண்டிருக்கும், பொத்தான் அதன் நுனியில் இருக்கும். எடை மையம் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவில் விழுவதால் கிட்டார் சமமாக நிற்கிறது. 1961-இல் கிப்சன் கொண்டுவந்த எஸ்ஜி வடிவத்தில் உடல் மெல்லியது, எடை குறைந்தது. கழுத்து உடலை விட்டு வெகுதூரம் வெளியே நீள்கிறது. முன்பொத்தானோ கொம்பில் இல்லாமல் கழுத்து உடலோடு சேரும் இடத்தின் பின்புறத்தில் இருக்கிறது. தலை கீழே போகாமல் என்ன செய்யும்? வழவழப்பான நைலான் பெல்ட் போட்டிருந்தால் சட்டைமேல் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் இடது கையால் கழுத்தைத் தூக்கிப் பிடித்தபடியே வாசிப்பீர்கள். உங்கள் தோள்வலியில் ஒரு பங்கு இதனால்தான் என்று நினைக்கிறேன். உள்பக்கம் சொரசொரப்பான ஸ்வேட் தோல் வைத்த, ஏழு எட்டு சென்டிமீட்டர் அகலப் பெல்ட் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். சாய்வு முழுவதும் போகாது, ஆனால் கையை எடுக்கும் அளவுக்கு அடங்கும். பொத்தானைக் கொம்புக்கு மாற்றுபவர்களும் உண்டு. எஸ்ஜியின் கொம்பு நுனி சீவிய மெல்லிய மரம், தவிரவும் அண்ணனின் கிட்டார். துளைக்காதீர்கள்.

தோள்வலிக்கு அகலம் உதவும் என்பது என் அனுபவமும் என்னிடம் வருபவர்களின் அனுபவமும். அக்கூஸ்டிக் சுமார் இரண்டு கிலோ. அதற்கு ஐந்து சென்டிமீட்டர் பெல்ட் போதும். லெஸ்பால் வகை, பேஸ் கிட்டார் எல்லாம் நான்கு கிலோவைத் தொடும், தாண்டும். அவற்றுக்கு அகலமும் உள்ளே மெத்தையும் வேண்டும். மெத்தை என்றால் அமுக்கினால் திரும்ப எழும் பஞ்சு. அமுங்கி அப்படியே கிடப்பது ஆறு மாதத்தில் வெறும் துணியாகிவிடும். நீளத்தை நின்றுகொண்டு சரிசெய்யாதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கிட்டாரை வழக்கமான இடத்தில் வைத்துக்கொண்டு, பெல்ட் தொய்வின்றி நிற்கும் அளவுக்கு இழுங்கள். எழுந்து நின்றால் கிட்டார் இடம் மாறக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து பழகி, மேடையில் முழங்கால்வரை தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு முற்றிலும் வேறு கோணத்தில் மடங்க வேண்டியிருக்கும். அழகாகத்தான் இருக்கும், பாரே கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிப்பது) மட்டும் வராது. கடையில் கிடைக்கும் பெல்ட்டுகள் பெரும்பாலும் 90 முதல் 150 சென்டிமீட்டர் வரை நீளும். நல்ல உயரமானவர் என்றால் அளந்துவிட்டு வாங்குங்கள். எடையை இரண்டு தோளுக்கும் பிரிக்கும் பெல்ட்டுகளும் வருகின்றன, முதுகுவலிக்காரர்கள் சிலர் அவற்றைப் புகழ்கிறார்கள். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும், நான் மருத்துவன் அல்ல. வலி தோளோடு நிற்காமல் கைவிரல்களில் மரத்துப்போவதாக இறங்கினால், பெல்ட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

தோலா நைலானா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தோல் தோளில் நன்றாக உட்காரும், ஆண்டுகள் ஏற ஏற இளகும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் உறைப்பைக்குள் மூடி வைத்தால் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும். வாசித்து முடித்ததும் துடைத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். நைலானைத் துவைக்கலாம், ஆனால் வழுக்கும். பருத்திப் பட்டை இரண்டுக்கும் நடுவில், வேர்வையை உறிஞ்சும், வழுக்காது. எதை வாங்கினாலும் நீளத்தைச் சரிசெய்யும் பக்கிளில் பட்டை தானாக நழுவுகிறதா என்று பலமாக இழுத்துப் பார்த்து வாங்குங்கள். நல்ல தோல் வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், மூன்று மில்லிமீட்டர் தோலில் துளையை உங்கள் ஜாக்கின் அளவுக்கே வெட்டித் தரச் சொல்லலாம். எந்த நிறுவனத்தின் பெல்ட்டையும்விட அது நன்றாகப் பிடிக்கும் என்பது என் கட்சி.

கேபிளை நேராக ஜாக்கில் சொருகித் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பின்பொத்தானுக்கு அருகே பெல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே கேபிளை ஒருமுறை வளைத்துவிட்டுச் சொருகினால், யாராவது மிதித்தாலும் இழுப்பு பெல்ட்டோடு நிற்கும், ஜாக்குக்குப் போகாது. அக்கூஸ்டிக்கில் வளைவைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். இறுக்கமான தடித்த கேபிள் தோல் முனையை மூடியிலிருந்து வெளியே நெம்பும். அன்று உங்களுக்கு நடந்ததுகூட இதுவாக இருக்கலாம்.

கடைசியாக, கழுத்து வளையும் என்ற பயம். லைட் கேஜ் (மெல்லிய வகை) எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ விசையில் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதைத் தாங்கும் கழுத்து, இரண்டு கிலோ கிட்டாரின் பாதி எடை தலைப்பகுதியில் தொங்குவதால் வளையாது. இதில் சந்தேகமே இல்லை. மார்ட்டின் உட்பட அக்கூஸ்டிக் கிட்டார்கள் நெடுங்காலம் பின்பக்கப் பொத்தான் ஒன்றோடு மட்டுமே வந்தன. முன்பக்கம் தலையில்தான் கட்டினார்கள். கட்டும்போது கயிறு நட்டுக்குப் பின்னால், கம்பிகளுக்கு அடியில் போக வேண்டும். கம்பிகளின்மேல் போட்டால் சுருதி கெடும். ஆனால் சில வாசிப்பவர்களுக்கு முதல் கட்டையில் கார்டு பிடிக்கும்போது கயிறு கையில் இடிக்கும், பெல்ட் கண்ணுக்கு முன்னால் குறுக்கே ஓடுவதும் பிடிக்காது. அவர்கள் கழுத்தின் அடிமுனையான ஹீலில் ஒரு பொத்தான் போட்டுக்கொள்கிறார்கள். மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கமாக ஹீலின் பக்கவாட்டில் போட்டால் கிட்டார் உடம்போடு ஒட்டி நிற்கும், ஹீலின் பின்புறத்தில் போட்டால் முகம் முன்னோக்கிக் கவிழும் என்பது என் கணிப்பு. இதை மறுக்கும் நல்ல கைவினைஞர்களும் இருக்கிறார்கள், கிட்டாரின் உடல் தடிமனைப் பொறுத்தும் மாறும். உங்கள் கிட்டாரில் எங்கே துளைக்கலாம் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். கைப்பேசியை ஒலித்துளைக்குள் விட்டுக் கழுத்துப் பக்கத்துக் கட்டையைப் படம் எடுங்கள். போல்ட் தலைகள் தெரிந்தால் ஹீலுக்குள் உலோகம் இருக்கிறது, துளைப்பான் அதில் இடிக்கும். அப்படியானால் துளையிடும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அது முடியும்வரை நட்டுக்குப் பின்னால் ஒரு ஷூ லேஸ் போதும்.